நாலு டிகிரி

அக்டோபர் கடைசியில் பிரீசரின் பிளக்கைப் பிடுங்குகிறேன்.
யாகூத்ஸ்கில் இதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.
ராத்திரி பால்கனியில் ஒரு கிண்ணம் தண்ணீர்.
காலையில் கவிழ்த்தால்
சொட்டக்கூடாது, அவ்வளவுதான்.

குதிரைக்கறி வெளியே குடிபோகிறது.
லேனா ஆற்று மீன்கள் விறகாய் விறைத்து
வாளியில் தலைகீழாக நிற்கும் இனி.
வட்டு வட்டாய் உறைந்த பால்
கோணிக்குள் கலகலக்கிறது.

ஜனவரியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைனஸ் ஐம்பது.
இந்தப்பக்கம் வெந்நீர்க் குழாயின் தயவில்
அய்தால் பனியனோடு திரிகிறார்.
முட்டை அங்கே வெடிக்கும், இங்கே கெடும்.
நடுவில் ஒரு பருவம் வேண்டுமென்றால்
பிரிட்ஜைத்தான் திறக்க வேண்டும்.
முட்டையும் கோஸும் அரைமூடி தயிரும்
குளிருக்குப் பயந்து ஒண்டியிருக்கும் வீடு அது.
நாலு டிகிரி.
எங்கள் ஊரில் அதற்கு மே மாதம் என்று பெயர்.

காலியான பிரீசருக்கு இன்று குளியல்.
சுவரெல்லாம் ஒரு சாண் பனி.
கத்தியால் கொத்தக்கூடாது.
கொத்திய ஒருவரை எனக்குத் தெரியும்,
இருபது வருடமாய் அவரோடுதான் குடித்தனம்.
உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அதோடு சரி பழைய பெட்டி.
எனவே வெந்நீர்ச் சட்டி, மூடிய கதவு, காத்திருப்பு.
பனி தானாகவே சுவரை விடும்,
சண்டை போட்டவர் தூக்கத்தில் போர்வையை விடுவதுபோல.
ரப்பர் மடிப்புகளுக்குப் பழைய பல்துலக்கி.
கதவிடுக்கில் நூறு ரூபிள் நோட்டை வைத்து மூடி இழுக்கிறேன்:
பிடிவாதமாய்ப் பிடித்துக்கொண்டால் ரப்பர் நலம்.
போன வருடம் வழுக்கிக்கொண்டு வந்தது.

முந்தின வருடம்தான் அது நடந்தது.
சட்டியை வைத்துவிட்டுப் போனில் உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணீர் தரையில் வழிதேடி
கீழ்வீட்டுப் புரகோப்பியின் புதுச் சுவர்த்தாளில்
ஒரு குதிரை வரைந்திருந்தது.
மேலே வந்தார். சொல்லக்கூடாததைச் சொன்னார்.
நானும் சும்மா இல்லை.
அதற்குப் பிறகு படிக்கட்டில் அவர் கையுறையைப் பார்ப்பார்,
நான் சாவியைப் பார்ப்பேன்.

ஏப்ரலில் ஒரு நாள் கூரை சொட்டத் தொடங்கும்.
அன்று மாலை
நாலு மாடியும் பால்கனியைக் காலிசெய்து
ஒரே நேரத்தில் பிளக்கைச் சொருகும்.
பட்டென்று பியூஸ் போகும்.
இருட்டுப் படிக்கட்டில் டார்ச்சும் திட்டும் சிரிப்பும்.
இந்த வருடமும் போனது. வந்தது.
எல்லாச் சுவரும் திரும்ப முனகின,
கீழ்வீட்டைத் தவிர.

பதினோரு மணிக்குக் கதவு தட்டல்.
இரண்டு கையிலும் மீன்,
பின்னால் ஸ்லெட்ஜில் ஒரு மான்தொடை.
"கம்ப்ரஸர் செத்துப்போச்சு"
என்றார் புரகோப்பி, என் செருப்பிடம்.

இடமில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது.
பொய்யும் இல்லை அது.
காற்றோட ஒரு விரற்கடை விட்டுத்தான் அடுக்கியிருந்தேன்.
ஆனால் அந்த மீனின் மூக்கில்
ஒரு துளி நீர் திரண்டுவிட்டது.
இரண்டு வருடத்துப் பனிக்காட்டுப் பழங்களை
மூன்று பையாய் வெளியே எடுத்தேன்.
விடியவிடிய ஜாம் கிண்டினேன், அவரைத் திட்டிக்கொண்டே.

ஜூலையில் புதுப்பெட்டி வந்ததும் எடுத்துப்போனார்.
நன்றி என்ற சொல் எதுவும் கதவைத் தாண்டவில்லை.

இப்போது, சட்டியிலிருந்து ஆவி எழும்போது
மறுபடி தட்டல்.
கையில் பெரிய எனாமல் தொட்டி, தோளில் நாலு துண்டு.
"ஓரத்தில்தான் கசியும்" என்று மண்டியிட்டு
தரையெல்லாம் துணி திணித்தார்.
சுவர்த்தாள் மாற்றியாயிற்றா என்றேன்.
"இல்லை. குதிரைக்கு வால் மட்டும் குறைகிறது" என்றார்.

பிரீசருக்குள் ஏதோ பெரிதாய்ப் பெயர்ந்து விழுந்தது.
மூவரும் எட்டிப் பார்த்தோம்.
பனிக்கட்டிக்குள் ஒரு மீன்வால்,
அவருடையதா என்னுடையதா
இளகினால்தான் தெரியும்.