எட்டில் ஒன்று

ஐந்தாம் பாடவேளை. தரம் பதினொன்று, பி பிரிவு.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்,
அதன் கீழே பையன்கள் கூட்டம்.
கொட்டியாரக் குடாவிலிருந்து வரும் காற்று
மதிலோடு நின்றுவிடுகிறது,
வாப்பாவைக் கூட்டிவா என்று திருப்பியனுப்பிய பிள்ளை மாதிரி.

‘ஒருவர் மவுத்தாகிறார்’
என்று கரும்பலகையில் எழுதினேன்.
"ஆரு டீச்சர்?"
யாருமில்லை. கணக்குக்காக ஒருவர்.

மனைவி ஒருத்தி, மகன் இருவர், மகள் மூவர்.
இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க
நேற்றிரவு வெகுநேரம் கூட்டிக் கழித்தேன்.
மனைவிக்கு எட்டில் ஒன்று.
மகள்மாருக்கு ஆளுக்கொன்று,
மகன்மாருக்கு இரண்டிரண்டு.
எட்டுப் பெட்டி கீறினால் எட்டும் நிறையும்,
மிச்சமில்லை, வெட்டிச் சுருக்க ஒன்றுமில்லை.
பங்கு வைத்தவனின் அழகைப் பாருங்கள் என்று
சொல்வதற்காகவே நான் பெற்றெடுத்த குடும்பம்.

புத்தகத்தில் அவர் விட்டுப்போவது எட்டு இலட்சம்.
நுஸ்கி கையை உயர்த்தாமலே எழும்பினான்.
"எட்டு லெட்சம் வாணா டீச்சர்,
ஒரு தோணி எண்டு போடுங்க.
இஞ்சின் லீசிங்ல."

வகுப்பு சிரித்தது. சரி, தோணி.
முதலில் கபன் செலவு, குழி வெட்டுகூலி.
அடுத்தது கடன்.
லீசிங் கம்பனி, வலைக்கடை, ஐஸ் முதலாளி,
நோன்புப் பெருநாளைக்கு எடுத்த உடுப்பு,
அடகுக்கடையில் உம்மாவின் காப்பு.
பின்வரிசையும் எழும்பிச் சொல்லத் தொடங்கியது,
கடனுக்கு ஒருத்தனும் புத்தகத்தைத் திறக்கவில்லை.
இஞ்சின் போனது. தோணியும் போனது.
வெண்கட்டித் தூசு படிந்த
வெறும் எட்டுப் பெட்டி.

"ஊடு கிடக்கே டீச்சர்"
என்றாள் சர்ஜுனா, ஜன்னலோரம்.

வீடு அவர் பெயரில் இல்லை என்றேன், சற்று வேகமாக.

"தெரியும். ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தானே.
லாத்தாக்கு எழுதிக் குடுத்தாச்சி,
எனக்குச் சுவரு எழும்பிட்டிருக்கி.
ஆனா இதுல, காக்காமாருக்கு ரெண்டு பங்கு எண்டிரிக்கி.
எங்கட காக்காமாரு ஆளுக்கொரு பேக்கோட போன.
உங்கட ஊட்டுல எப்புடிப் பிரிச்ச டீச்சர்?"

மணி அடிக்கப் பதினாறு நிமிடம் இருந்தது.

உயிரோடு கொடுப்பது வாரிசுப் பங்கல்ல, அன்பளிப்பு.
அது வேறு அலகு, அடுத்த தவணையில் வரும்
என்றேன். பொய்யில்லை.
அந்த அலகின் முதல் பக்கத்தில்
‘உங்கள் பிள்ளைகளிடையே நீதி செய்யுங்கள்’
என்று தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும்
சொல்லவில்லை.
சர்ஜுனா தலையாட்டி அப்படியே எழுதிக்கொண்டாள்.
நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிற பிள்ளை அவள்,
அதுதான் பயம்.

வீட்டு உறுதி என் அலுமாரியில் இருக்கிறது.
பழுப்பு உறை, என் முழுப்பெயர்,
நான்கு எல்லை: கிழக்கே ஒழுங்கை, மேற்கே வாய்க்கால்,
வடக்கே பெரியம்மாவின் மகள், தெற்கே சின்னம்மாவின் மகள்.
எந்த எல்லையிலும் ஓர் ஆண் இல்லை.

அஸர் தொழுது முடிக்கக் காக்கா வந்தார்,
கிண்ணியாவில் மனைவி வீட்டிலிருந்து
கங்கைப் பாலம் தாண்டி, மோட்டார் சைக்கிளில்.
கேற்றடியில் நின்று ஸலாம் சொல்கிறார்.
அவர் பிறந்த வீடு, படலை என்றிருந்த காலத்தில்
காலால் உதைத்துத் திறந்த வாசல்.
"வாங்க" என்று நான் சொல்லும்வரை
செருப்பைக் கழற்றுவதில்லை.

பையில் ஒரு பாரை மீன்.
உம்மாவின் பிரஷர் குளிசை, இந்த மாதத்தையது,
பில்லைக் கிழித்துவிட்டுத்தான் தருவார்.

உம்மா பின்னறையில் இன்னும் தொழுகைப் பாயில்.
தேத்தண்ணி வைத்தேன். ஆறட்டும் என்று
கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பியபடி
சுவரைப் பார்த்தார். "பெயின்ற் அடிக்கணும் போல,
நாளைக்கு ஆள் அனுப்பட்டா?"
வேணாம் என்றேன்.

"இண்டைக்கு என்ன படிப்பிச்ச?"

மீனைச் சட்டியில் போட்டு
உப்பைத் தேடுகிற மாதிரி
முதுகைக் காட்டி நின்றேன்.

நோன்பைப் பற்றி, என்றேன்.