முப்பத்தொன்பதரை

விடிய நாலேகால்.
ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை
உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்குகிறேன்.
கையும் குளிர்ந்துதான் கிடக்கிறது.
எது எதைச் சூடாக்குகிறதோ.

பதினோராம் அறை, ஜன்னலோரக் கட்டில்.
ஆர்வோ லெஹ்தினன், எண்பத்து மூன்று வயது.
பனியில் வழுக்கி இடது இடுப்பு முறிந்து
உலோகம் வைத்து நாலாம் நாள்.
துறைமுகத்தின் தானியக் கோபுரத்தில்
முப்பத்தாறு வருடம் கோதுமைத் தூசியை மூச்சாக இழுத்தவர்.

பெயர்? சொன்னார்.
மாதம்?
"பெப்ரவரி. இதைவிட மோசமான மாதம் ஒன்று இருந்தால் அது."
இது எந்த ஊர்?
"போர்ட் ஆர்தர்."

படிவத்துக்குத் தெரிந்த விடை தண்டர் பே.
இரண்டு ஊரை ஒன்றாக்கிப் புதுப்பெயர் வைத்து
ஐம்பது வருடம் தாண்டிவிட்டது.
ஒன்றானது பெயர்ப்பலகை மட்டும்தான் என்று
என்னை ஏற்றிவரும் பஸ்காரரும் சொல்வார்.
குழப்பம் என்று குறித்தால்
காலையில் தலைக்கு ஸ்கேன் எழுதுவார்கள்.
பேனாவைக் காற்றில் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
கடித உறையில் என்ன எழுதுவீர்கள்?
"தண்டர் பே. பாவம், தபால்காரனுக்கு
வேறெதுவும் தெரியாது."

தெளிவு.

முதுகில் கேட்டேன்.
காதோரம் தலைமயிரை இரு விரலால் உருட்டினால் வருமே
அந்தச் சத்தம், நுரையீரலின் அடியில்.
பழைய கோதுமையா, நாலு நாள் படுக்கையா?
இருமச் சொன்னேன். இருமினார்.
பாதிச் சத்தம் போய்விட்டது, பாதி இருக்கிறது.
இருப்பதை எழுதினேன்.

வயிற்றின் வலது கீழ்மூலையில்
மேல்மாடியில் யாரோ கதிரை இழுக்கிற ஓசை.
நல்லது. குடல் விழித்துவிட்டது.

வலி, பத்துக்கு எத்தனை?
"இரண்டு."
பின்லாந்துக்காரரின் இரண்டை
அப்படியே வாங்கி வைக்க முடியாது,
நாணயமாற்று மாதிரி, அன்றன்றைய விலை பார்க்க வேண்டும்.
கண் என்னைப் பார்த்தது.
கை கட்டில் விளிம்பை விடவில்லை.
அவர் சொன்ன இரண்டை எழுதி
பக்கத்தில் கையைப் பற்றியும் எழுதினேன்.

பிறகு காலுறையை உருட்டி இறக்கினேன்.

வெட்டிய பக்கம் வீங்கத்தான் செய்யும்,
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன்.
ஆனால் புறங்கைக்கு ஒரு சூடு தட்டியது.
இரவு முழுக்கக் குளிர்ந்திருந்த கைக்கு
அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

முழங்காலுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் எண்ணி
பேனாவால் ஒரு புள்ளி.
நாடாவைச் சுற்றினேன்.
வலது முப்பத்தாறு.
இடது முப்பத்தொன்பதரை.
நாடா வழுகியிருக்கும் என்று மறுபடி சுற்றினேன்.
முப்பத்தொன்பதரை.

நேற்றைய பக்கத்தைத் திறந்தேன்.
கெண்டைக்கால்: இரண்டும் சமம்.
நேரம் நாலு இருபது.
கையெழுத்து என்னுடையது.

அளந்தேனா?
மூன்றாம் அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது, ஞாபகம்.
போர்வையைத் தூக்கியது ஞாபகம்.
நாடா சட்டைப்பையில் இருந்தது, அதுவும் ஞாபகம்.
பையிலிருந்து எடுத்தது மட்டும்
எவ்வளவு தேடியும் வரவில்லை.

டாக்டரை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே எண்ணைத் திருப்பிக் கேட்டார்,
அதற்குப் பிறகு கொட்டாவி விடவில்லை.
ஊசி இப்போதே. அல்ட்ராசவுண்ட் எட்டு மணிக்கு.
காலைப் பிடித்துவிடக் கூடாது, நடக்கவிடக் கூடாது.

"எத்தனை?" என்று கேட்டார் ஆர்வோ.
சொன்னேன்.
"நல்ல மீனுக்கு அது போதாது," என்றார்,
கண்ணை மூடிக்கொண்டே.
அந்தப் பக்கத்து ஏரி வெளுக்கத் தொடங்கியிருந்தது,
எது பனி, எது வானம் என்று பிரிக்க முடியாமல்.

ஏழு மணிக்கு டெல்ஃபினிடம் ஒப்படைத்தேன்.
பதினொன்று: ஊர் கேட்டால் போர்ட் ஆர்தர் என்பார்,
தெளிவாகத்தான் இருக்கிறார்.
காலில் புள்ளி வைத்திருக்கிறேன், அங்கேயே அள.
நேற்றைய அளவைப் பார்க்காதே.
ஏன் என்றாள்.
நான் எழுதியது, என்றேன்.

அவள் பேனா ஒரு கணம் நின்றது.
பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.