நிப்பாட்டியாச்சாம்

கார்த்திகைப் புயல் போன மூன்றாம் இரவு.
பண்ணைப் பாலத்துக்கு அப்பால்
வேலணை முழுக்க இருட்டு.
லொறியின் பின்தட்டில் ஏணியைப் பிடித்தபடி
சூசைதாசன் அண்ணை.
இருபத்திரண்டு வருஷமாய் ஏணி தூக்கியவர்.
ஏறியவர் அல்ல.

அவரது கோப்பை நான் பொறுப்பெடுத்த வாரமே பார்த்தேன்.
எனக்கு முன்னிருந்த மூன்று அதிகாரிகளும்
ஒரே பேனையால் எழுதியதுபோல்
திருப்தி, திருப்தி, திருப்தி.
ஒரு மனிதரை மறந்துவிட
இதைவிட மரியாதையான சொல்லை
அலுவலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நானும் பெரிய நல்லவள் இல்லை.
சுன்னாகம் ஸ்ரோர் வளவில்
அவர் கம்பி இணைக்கப் பழகிய முதல் பின்னேரம்
பொறுக்கமாட்டாமல்
கையிலிருந்த பிளையரைப் பிடுங்கி
நானே முறுக்கிக் காட்டினேன்.
வேகமாக. அழகாகவும்.
‘ஓம் மிஸ்’ என்றார்.
சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.
கையில் அழுக்கே இல்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை.

மறுநாளிலிருந்து
என் இரண்டு கைகளையும் பொக்கெற்றுக்குள் போட்டேன்.
நாலு மணிக்குப் பிறகு
வளவின் மூலையில் ஒரு கட்டைக் கம்பம்,
அவர், நான்,
புல்லுக்குள் விழுந்துகொண்டேயிருந்த போல்ற்.
ஆறாவது தரத்தோடு எண்ணுவதை விட்டேன்.
குகதீபன் சிரித்தான்.
‘உம்மட முதல் போல்ற்றை
ஆர் தேடித் தந்தது?’ என்று கேட்டேன்.
சிரிப்பு நின்றது.
தேடித் தந்தவர் கம்பத்தில் இருந்தார்.

சோதனைக்கு அவர் பெயரை அனுப்பினேன்.
‘இந்த வயதிலோ?’ என்று திருப்பினார்கள்.
அனுப்பினேன்.
திருப்பினார்கள்.
மூன்றாம் முறை எழுதிய கடிதத்தில்
‘பணிவுடன்’ என்ற சொல்லை வெட்டிவிட்டேன்.
அதனாலோ என்னவோ, போனது.

இப்போது வேலணை.
ஐஸ் பக்டரிக்குக் கிட்ட மூன்றாவது கம்பம்.
சேற்றில் ஏணி சாத்தியாகிவிட்டது.
அவர் இடுப்புப் பட்டியைக் கட்டிவிட்டார்.
வீட்டு வாசல்களில் சனம்,
‘எப்ப கறன்ற் வரும்?’ என்று எங்கள் முதுகைக் கேட்கிறது.

‘மிஸ், ஐஸ்காரன்ர ஜெனரேற்றர்?’
‘நிப்பாட்டியாச்சாம்.’
‘நிப்பாட்டியாச்சோ, நிப்பாட்டியாச்சாமோ?’

தூறல் என் தொப்பியில் விழுகிற சத்தம் கேட்டது.

‘ஆம் எண்டதில கால் வைச்சு
மனுசன் ஏறேலாது மிஸ்’ என்று
அவசரமில்லாமல் பட்டியைக் கழற்றி
றோட்டில் வைத்தார்.
குகதீபன் பார்த்தான். றமீஸ் பார்த்தான்.
சாரதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
காது சுட்டது எனக்கு.
ஒரு சொல்லில் அவரை ஏற்றியிருக்கலாம்.
இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான்
ஒரு சொல்லில் கீழே நிற்க வைத்திருந்தோம்.

நடந்தேன். முழங்கால்வரை சேறு.
பக்டரிக்குள்
மாற்றுச் சுவிட்ச் எங்கள் லைன் பக்கமே கிடந்தது.
மீன் பழுதாகுது என்று ஒரு பெடியன்
டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.
இன்னும் அரைக் கலன் ஊற்றினால்
இழுத்து ஸ்ராட் பண்ணுவான்.

சுவிட்சைத் திருப்பிப் பூட்டி
சாவியோடு திரும்பி வந்தேன்.
எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்:
‘நான் போய்ப் பார்க்கேல்லை. என்ர பிழை.’
பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.
சொல்லாதது நல்லது.
சாவியை வாங்கித்
தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு
ஏறினார்.

ரோச் என் கையில்.
மேலே அவர் விரல்கள்
கட்டைக் கம்பத்தில் பழகிய அதே மெதுவில்
கம்பியைக் கம்பியோடு சேர்த்தன.
என்னைவிட மெதுவாக.
என்னைவிட இறுக்கமாக.
பொக்கெற்றுக்குள் கிடந்த மற்றக் கை
பிளையர் பிடிப்பதுபோல் மடங்கியது.
விரித்தேன்.

‘பிள்ளை, வெளிச்சத்தை ஆட்டாதேங்கோ!’

மிஸ் இல்லை.

பிறகு ஒரு வீடு, இன்னொன்று,
கோயில் முகப்பு, கடைசியாய் ஐஸ் பக்டரி.
சின்னதுகள் ஓவென்று கத்தின.
இனித் தேவையில்லை மிஸ், அணையுங்கோ என்றான் றமீஸ்.
நான் அணைக்கவில்லை.
அவர் இன்னும் இறங்கி முடிக்கவில்லை.