தொண்ணூற்றாறு குழிகள்

தரமணி. இரவு பத்தே முக்கால்.
தொண்ணூற்றாறு குழித் தட்டில் கல்லீரல் செல்கள்.
செங்கல் நிற மருந்தை நான் விட்ட வரிசை மட்டும்
மினுங்குகிறது என்கிறது கருவி.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்;
எண்ணாகத்தான் வரும்.

செல்லின் உட்கருவில் ஒரு புரதம்.
அதன் மடி ரொம்பப் பெரிசு.
காசநோய் மாத்திரையோ மூலிகைச் சாறோ
யார் வந்தாலும் உட்காரவைத்துக்கொள்ளும்.
பிறகு டி.என்.ஏ. மேல் போய்க் குந்தி
நொதிகளை எழுப்பிவிடும்:
வெளியாள் வந்திருக்கான், வெட்டு, கரை, அனுப்பு.
யார் எவர் என்று கேட்பதில்லை.

மூன்று வருடமாக இது எனக்கு ஒரு வரைபடம்.

போன வாரம் ஓட்டேரி கிளினிக்கில்
செவிலியர் எஸ்தர் ஓர் அட்டையை நீட்டினார்.
ஷமீம், இருபத்தொன்பது வயது.
ஆறு மாத மருந்து, ஒரு வேளை தவறவில்லை.
கருத்தடை மாத்திரையும் தவறவில்லை.
"அப்புறம் எப்படி மேடம்?"
ஒரு மாத்திரை எழுப்பிவிட்ட நொதி
இன்னொரு மாத்திரையைத் தின்றுவிடும் என்று
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னேன்,
ஒரு வருடம் தாமதமாக.

பெஞ்சில் கிடந்தது குழந்தை. பெண்.
வலது காலில் மட்டும் சாக்ஸ்.
நான் குனிந்ததும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து
என் புகைப்படத்தைச் சப்பத் தொடங்கினாள்.
ஷமீம் சிரித்துவிட்டாள்.

இப்போது எச் வரிசை, ஏழாவது குழி:
பின்னணியைவிடப் பதினெட்டு மடங்கு.
நல்ல தரவு.
குறிப்பேட்டில் தேதி போடுகிறேன்,
பிழைக்கோடு வரைகிறேன்.
அட்டையின் ஓரத்தில் இன்னும் எச்சில் கறை.
பெயர் என்ன என்று கேட்காமலே வந்திருக்கிறேன்.