எத்தனை முறை பெருக்கினால்

வின்னிபெக். ஜனவரி. காலை ஆறே முக்கால்.
வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினேன்.
வாசல் பனியை வாரி எறிந்தேன்.
வண்டியை உள்ளே விட்டேன்.
நகராட்சி இயந்திரம் வந்து
அத்தனை பனியையும் திரும்ப வாசலில் தள்ளிவிட்டுப் போனது.

வெளியே, வாரு, உள்ளே, கொட்டு.
நான்கெழுத்துச் சொல்.
வரிசை மாறினாலும் ஒன்றுதான் என்கிற உலகத்தில்
இதன் மதிப்பு சமனி:
ஒன்றும் நடக்கவில்லை, போய் டீ குடி.
இங்கே அப்படி இல்லை.
வண்டி இருந்த இடத்தில் வண்டி,
பனி இருந்த அளவுக்குப் பனி,
இப்போது வெளியேற மட்டும் வழியில்லை.

அந்த மீதியைத்தான்
பதினோரு வருடமாகப் படிக்கிறேன்.

"என்ன குலம்?" என்றார் போனில்
இரண்டாம் கல்யாணத் தரகர்.
முடிவுறு எளிய குலம் என்றேன்,
உள்ளே உடைக்க இயல்நிலை உட்குலம் ஒன்றுகூட இல்லாதது.
"எளியவங்கன்னா பரவாயில்லம்மா,
பிக்கல் பிடுங்கல் உண்டா?"

உண்டு.
ஒரு சொல்லை எடு. அதன் எழுத்துகளில்
குலத்தின் உறுப்புகளை இட்டு நிரப்பு.
விழும் மதிப்புகள் சிலசமயம் கையளவு,
குலமோ கடல்.
மதிப்பை மதிப்பால் பெருக்கி
எல்லா உறுப்பையும் எட்ட வேண்டும்.
சொல் நீண்டால் எண்ணிக்கையும் ஏறும் என்றுதான் தோன்றும்.
ஏறாது. குலம் போதிய அளவு பெரிதென்றால்
இரண்டு போதும்.
நிரூபித்தவர்கள் வேறு யாரோ.
நான் சின்னக் குலங்களின் விதிவிலக்குகளை எண்ணுகிறவள்.

அறுபதே உறுப்புள்ள குலம் ஒன்றில்
முப்பதாம் அடுக்கு என்று ஒரு சொல்:
யாரை இட்டாலும் சமனி.
ஆயிரம் பெருக்கினாலும் சமனி.
எங்கள் இரண்டுபேர் வீட்டில்
"சரி" என்ற சொல் அப்படித்தான் இருந்தது,
கடைசி மூன்று வருடம்.

எதிர்வீட்டு ஓரெஸ்ட் மண்வாரியோடு வந்தார்.
அதே சொல்லை அவர் வாசலில்
அவர் லாரியை வைத்துச் சொல்லி முடித்திருந்தார்.
தாடியில் பனி. ஒரு கையுறை மட்டும் சிவப்பு.
அவர் குவியலும் என் குவியலும்
தெருவின் இரு கரையில் கிடந்தன.

"முதலில் யாருடையது?"

வரிசை முக்கியம் என்றேன்.
எட்டு பத்துக்கு எனக்கு வகுப்பு.
அவருக்கு மருத்துவமனை,
எதற்கென்று நான் கேட்டதில்லை.

உங்களுடையது என்றேன்.
பெருக்கத் தொடங்கினோம்.