நடக்குவாதம்

பதாகையில் ஓர் உகரம் விழுந்துபோயிருந்தது.
மூன்று மொழியில் அடித்தால்
அடிபடுவது எப்போதும் தமிழ் வரிதான்.
நடுக்குவாதம் என்று இருக்கவேண்டியது
நடக்குவாதம் என்று
கொள்ளுப்பிட்டிக் கடற்காற்றில் புடைத்து நின்றது.
இருபத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்த விரல்
கைப்பைக்குள் சிவப்புப் பேனையைத் தேடியது.
தேடியதா, ஆடியதா,
இப்போதெல்லாம் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆறேகாலுக்கு விழுங்கிய மாத்திரை
ஏழு மணிக்கு என் கால்களை என்னிடம் ஒப்படைத்தது.
ஒன்பதரைக்குத் திருப்பிக் கேட்கும்.
அதற்கிடையில் வெள்ளவத்தை வரை
நாலு கிலோமீற்றர்.
ஊதா டீசேட் தொளதொளத்தது.
பெரோஸா டீச்சர் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டா.
"ஸ்டாஃப் ரூமில இன்னும் சொல்லேல்லயா?"
"கை குளிருது எண்டு சொல்லியிருக்கிறன்."
"கொழும்பிலயா?"

சொல்லாமலே கண்டுபிடித்தது பத்தாம் வகுப்பு.
கரும்பலகையில் என் வரி
கொய்யாக்காயில் தொடங்கிக்
கடுகில் முடியும்.
கடைசி வாங்கிலிருந்து அனோஜன் சொன்னான்:
"டீச்சர், நீங்கள் எழுதிறது தூரமாப் போகுது."

தொடக்கக் கோட்டில் பலூன்களால் ஒரு வளைவு.
எங்களுக்குப் போய் யார் வாசல் வைத்தது?
வாசலைக் கண்டால் எங்கள் பாதம்
பசை தடவினதுபோல நிலத்தில் ஒட்டும்.
முன்னால் போனவர் நின்றுவிட்டார்.
நெஞ்சில் பெயர் அட்டை: ஹேவகே, மொறட்டுவை.
பாண்ட் வாத்தியம் முழங்குகிறது.
மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.
இழுக்கக்கூடாது பிள்ளை,
இழுத்தால் ஆள் விழும், கால் வராது.
இதைச் சொல்வதற்கு என் சிங்களத்தில்
அந்நேரம் ஒரு வினைச்சொல்லும் இல்லை.

குடையை மடித்து
அவர் பாதத்துக்கு முன்னே குறுக்காகக் கிடத்தினேன்.
அவர் குடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நடப்பது ஒன்று, தாண்டுவது இன்னொன்று.
மூளைக்குள் இரண்டும்
வேறு வேறு ஒழுங்கையில் குடியிருக்கின்றன.
தாண்டினார்.
பிறகு மற்றக் கால்.
பிறகு காலி வீதிப் பஸ்போல, பிரேக் இல்லாமல் கொஞ்சத் தூரம்.

குனிந்து குடையை எடுக்கப் போனேன்.
திரும்பி நின்று, வேண்டாம் என்று கைகாட்டினார்.
அப்போதுதான் பார்த்தேன்,
வளைவுக்கு நேர் கீழே நான்.

மரீன் டிரைவில் ஒரு பக்கம் கடல்.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவே தண்டவாளம்.
சிலிப்பர் கட்டைகளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.
இத்தனை ஆயிரம் கோடுகள்,
எல்லாம் ரயிலுக்கு வீணாக.
தண்ணீர்ப் போத்தல் நீட்டிய பையன்கள்
கை நடுங்குவதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.
வாதம் என்றால் வழக்கும்தானே.
நடப்பேன் என்பது என் கட்சி.
அதன் கட்சிக்கு வாய் இல்லை,
மணிக்கூடு மட்டும் இருக்கிறது.

பம்பலப்பிட்டி ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில்
மாத்திரை கால்களைக் கேட்டு வந்து நின்றது,
சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே.
மதிலோரம் உட்கார்ந்து ஓட்டோவை மறித்தேன்.
வழியில் கைதட்டிக்கொண்டு நின்றவர்களுக்குக்
கையசைத்தேன்.
அசைந்தது என்றும் சொல்லலாம்.

திங்கட்கிழமை சந்தையில்
மீன்கடை ரிழ்வான் நானா கேட்டார்:
"எத்தின கிலோ?"
"ரெண்டே முக்கால்."
கிலோமீற்றருக்கு ஐந்நூறு என்று வாக்குக் கொடுத்த மனிசன்.
நாலையும் நடந்தேன் என்றால் நம்பியிருப்பார்.
நான் நிறுவை குறைத்துப் பழகவில்லை, கூட்டியும்.
ஆயிரத்து முன்னூற்று எழுபத்தைந்து என்று
வாய்க்கணக்கிலேயே சொல்லி
ஆயிரத்து நானூறு தந்தார், செதில் ஒட்டியபடி.
"மிச்சம் இருபத்தஞ்சு அடுத்த வருசத்துக்கு."

பற்றுச்சீட்டு எழுதினேன்.
அவர் அதைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார்,
வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"இது என்ன டீச்சர், கையெழுத்தா நெத்தலியா?"
தராசின் படிக்கல்லுக்கு அடியில் அதை வைத்துவிட்டு
அடுத்த ஆளுக்குப் பாரை வெட்டத் தொடங்கினார்.