முப்பத்தோராம் நாள்

கஸ்தூரியார் வீதிக் கடையில்
டிலுக்சன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஒண்டும் பழுதில்லை அக்கா.
உள்ளுக்கு மூச்சு விட இடமில்லை, அவ்வளவுதான்.
புதுசு வாங்குங்கோ, இல்லாட்டி அழியுங்கோ."
புதுசின் விலையைக் கேட்டேன்.
அழிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதுகிறவள் நான்.
காணி என்றால் தெரியும்:
வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் வளவு,
கிணற்றில் பாதிப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை.
இந்த அறுபத்துநாலு ஜிபி எத்தனை பரப்பு?
எல்லைக்கல் எங்கே?
வேலி விழுந்த வெறும் வளவுக்குள்
கட்டாக்காலி மாடுகள் போல
பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள்
படுத்திருந்து அசைபோடுகின்றன.

போயா லீவு. கரண்டும் நின்றது, போகாமல்.
தொடங்கினேன்.

முதலில் காலை வணக்கங்கள்.
பிரம்ரனில் இருக்கும் தயாபரன் அண்ணா
ஒரு நாளும் தவறவிட்டதில்லை:
ரோசாப்பூ, பிள்ளையார், ஆவி பறக்கும் கோப்பை.
அவருக்கு விடியும்போது எனக்குப் பின்னேரம்.
நாலு வருசமாய்
கந்தோர் பூட்டும் நேரத்தில் வந்த விடியல்களை
ஒரே அமத்தில் அள்ளினேன்.
கை கொஞ்சம் கூசியது. நிற்கவில்லை.

பிறகு மின்வெட்டு அட்டவணைகள்.
எங்கள் வலயத்துக்கு எப்ப போகும், எப்ப வரும்.
வந்து போய் முடிந்த இருட்டுக்கு
நேரசூசி என்னத்துக்கு?
பெற்றோல் வரிசைக்கு எடுத்த கியூஆர் கோட்
ஒன்பது பிரதி. பயம் எடுத்த பிரதிகள்.
எட்டை அழித்தேன்.
ஒன்பதாவது இருக்கட்டும்.
இந்த நாட்டை நம்பேலாது.

மீற்றர் வாசிப்பு. மருந்துத் துண்டு.
ஆரோ ஒருவரின் அடையாள அட்டை, முன்பக்கம் மட்டும்.
என் பெருவிரல், பெருவிரல், மீண்டும் பெருவிரல்.
பெரியகடையில் வாங்காமல் விட்ட
நாவல் நிறச் சீலை ஒன்று,
இருபத்தாறு படம்,
மடித்தபடி, விரித்தபடி, வெயிலில், ரியூப் லைட்டில்.

"சுகிர்தா வெடிங்" குறூப்பில்
எழுபத்தெட்டுப் பேர் இன்னும் இருக்கிறோம்.
சுகிர்தாவும் அவனும் பிரிந்தே இரண்டு வருசம்.
முதலில் எழும்பினால் மரியாதையில்லை என்று
இலை காய்ந்த பிறகும்
பந்தியில் குந்தியிருக்கிறவர்கள் மாதிரி.
இப்போதெல்லாம் சத்தமில்லாமல் வெளிக்கிடலாமாம்,
அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம்.
எழும்பினேன்.
அட்மின் ஆரெண்டு யோசிக்கவில்லை.

பின்னேரம் சுகிர்தா எடுத்தாள்.
என்ன சொல்லிச் சமாளிப்பது என்று
நாக்கைப் புரட்டிக்கொண்டிருக்க
அவள் சொன்னாள்:
"நல்லது மச்சாள்.
ஆராவது முதல்ல போகோணுமெண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.
என்ர கலியாணத்தை நானே மூடினா
சனம் என்ன சொல்லும்?"
பிறகு இரண்டு பேரும்
மாங்காய் விலை கதைத்தோம், நெடுநேரம்.

இரவு போன் ஒரு சேதி சொன்னது:
அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில்,
முப்பது நாள் இருக்கும், அதன்பின் மீட்க முடியாது.

ஆர் சொல்லிக் கொடுத்தது இதற்கு
எங்கட கணக்கை?
முப்பத்தோராம் நாள்
கீரிமலையில் கரைத்துவிட்டு வரும்வரை
உயிர் வீட்டு வாசலில்தான் நிற்கும் என்பார்கள்.
அதுபோல நிற்கின்றன போலும்
அண்ணாவின் ரோசாப்பூக்கள்,
போன இருட்டின் அட்டவணைகள்,
என் பெருவிரல்கள்,
கூப்பிட்டால் வருவோம் என்று.

கூப்பிடவில்லை.
போன் இப்போது சூடாகுவதில்லை.
படம் எடுக்கச் சொன்னால் எடுக்கிறது.
எதை எடுப்பது என்றுதான்
கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
தொட்டியை ஒருக்கால் எட்டிப் பார்த்தேன்.
நாவல் நிறம் அப்படியே கிடக்கிறது, இருபத்தாறு தரம்.
கடையில் கிடக்குதோ தெரியாது.

கந்தோரில் இருந்து நடந்தால்
ஏழு நிமிசம்.